குருவி பிடித்து வளையம் போடுகிறவர்கள்

கேள்வி இது: வடக்கே குளிர்நாட்டுக் காடுகளில் வலசை போகும் குருவிகளை ஆயிரக்கணக்கில் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடுகிறார்களாமே, அவ்வளவு குருவிகளை எப்படிப் பிடிக்கிறார்கள்? குருவிக்கு ஒன்றும் ஆகாதா? சாட்டிலைட் வந்துவிட்ட காலத்தில் இந்த வேலை இன்னும் எதற்கு?

"வடக்குக் காடு" என்றால் கனடாவில் தொடங்கி சைபீரியா வரை போகும். எல்லாவற்றையும் பொதுவாகச் சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறேன்: பால்டிக் கடலோரத்தில் இருக்கும் கூரோனியத் திட்டு. நூறு வருடத்துக்கு மேலாகக் குருவி பிடிக்கிற இடம் அது.

98 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பெரிய காயல். சில இடங்களில் அகலம் அரைக் கிலோமீட்டர்கூடக் கிடையாது. வடபாதி லித்துவேனியாவுக்கு, தென்பாதி ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதிக்கு. இன்று அங்கே பைன் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன, ஆனால் அது ஆதிகாலக் காடு இல்லை. பழைய மரங்களை வெட்டித் தீர்த்த பிறகு மணல்மேடுகள் நகர ஆரம்பித்து ஊர்களையே மூடின. அந்த மணலை நிறுத்த 19ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் நட்டு வளர்த்ததுதான் காட்டின் பெரும்பகுதி.

இலையுதிர்காலத்தில் பின்லாந்து, எஸ்தோனியா, வடமேற்கு ரஷ்யா என்று பல திசைகளிலிருந்தும் சிறு பறவைகள் தென்மேற்கே கிளம்பும். அகலமான நீர்ப்பரப்பைத் தாண்ட அவற்றில் பலவற்றுக்கு விருப்பமில்லை. கரையை ஒட்டியே வந்து, கடைசியில் இந்த ஒடுங்கிய திட்டின் மேல் நெருக்கியடித்துக்கொண்டு போகும். நல்ல வானிலை உள்ள அக்டோபர் காலையில் தலைக்கு மேல் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டே இருக்கும். பிடிக்கிறவனுக்கு இதைவிட வசதியான இடம் அமையாது.

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் விஞ்ஞானிகள் இல்லை, அங்கிருந்த ஏழை மீனவர்கள். மீன் குறைவாகக் கிடைக்கும் காலத்தில் அவர்கள் காகம் பிடித்தார்கள். சாம்பல் உடலும் கறுப்புத் தலையும் கொண்ட காகங்கள் வலசை வரும்போது, மணலில் மீனைப் போட்டு, பழக்கிய காகங்களைப் பக்கத்தில் கட்டிவைத்து, கிளைகளால் செய்த குடிசைக்குள் ஒளிந்திருந்து வலைக்கயிற்றை இழுப்பார்கள். அகப்பட்டதை மண்டையில் பல்லால் கடித்துக் கொல்வார்கள். அதனாலேயே அவர்களுக்குக் 'காகம் கடிப்பவர்கள்' என்று ஜெர்மன் மொழியில் பெயர். குளிர்காலத்துக்கு அதை உப்புப் போட்டுப் பீப்பாயில் வைப்பார்கள். முகம் சுளிக்கத் தேவையில்லை, பசி அப்படி.

அப்போது அந்தப் பகுதி ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யா. திட்டின் நடுவில் ராசிட்டன் என்ற கிராமம். இன்று அதன் பெயர் ரிபாச்சி. அங்கே 1901இல் ஜெர்மன் பறவையியல் சங்கம் ஒரு நிலையம் திறந்தது. உலகின் முதல் பறவை ஆய்வு நிலையம் என்று அதைத்தான் சொல்வார்கள். பொறுப்பேற்றவர் யோஹன்னஸ் தீனமான். அதற்கு இரண்டு வருடம் முன்புதான், 1899இல், டென்மார்க்கின் வீபோர் ஊரில் ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர், எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை ஸ்டார்லிங் பறவைகளின் காலில் மாட்டியிருந்தார். அவர் முதலில் துத்தநாகத்தில் முயன்றார், கனம் அதிகம் என்று கைவிட்டார். அலுமினியம் வந்த பிறகுதான் வேலை நடந்தது.

தீனமான் 1903இல் ராசிட்டனில் வளையம் போட ஆரம்பித்தார். அவர் செய்த முதல் புத்திசாலித்தனமான காரியம், காகம் பிடிக்கிறவர்களிடமிருந்தே உயிரோடு காகங்களை விலைக்கு வாங்கியதுதான். வளையம் போட்டு விட்ட காகங்கள் கரையோரமெங்கும் வேட்டைக்காரர்களிடம் விழுந்தன, வளையங்களும் அவருக்குத் திரும்பி வந்தன. காகத்தைவிட ஊரைக் கவர்ந்தது நாரை. ஐரோப்பாவின் வீட்டுக் கூரைகளில் கூடு கட்டும் செங்கால் நாரை குளிர்காலத்தில் எங்கே போகிறது என்பதற்கு அதுவரை கண்ணால் பார்த்த சாட்சியம் குறைவு. 1822இல் ஜெர்மனியின் க்ளூட்ஸ் என்ற இடத்தில் கழுத்தில் ஆப்பிரிக்க அம்பு தைத்த நிலையில் ஒரு நாரை வந்து சேர்ந்தது. பாடம் செய்த அதன் உடல் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கிறது. அம்பு ஏந்தி வரும் நாரைக்காகக் காத்திருக்க முடியாது இல்லையா? ராசிட்டன் வளையங்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி வர ஆரம்பித்ததும் விஷயம் தெளிவாகிவிட்டது.

அப்புறம் 1933இல் இன்னொரு சோதனை. ராசிட்டன் நிலையத்தின் எர்ன்ஸ்ட் ஷூட்ஸ் கிழக்குப் பிரஷ்யாவின் இளம் நாரைகளை மேற்கு ஜெர்மனிக்குக் கொண்டுபோய், அந்தப் பகுதி நாரைகள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு விடுவித்தார். மேற்கு ஜெர்மனி நாரைகள் தென்மேற்கே ஸ்பெயின் வழியாகப் போகிறவை. இவையோ, வழிகாட்ட ஆளில்லாத நிலையில், தங்கள் பிறந்த பகுதியின் வழக்கப்படி தென்கிழக்கை நோக்கிப் பறந்தன. திசை பிறவியிலேயே வருகிறது என்பதற்கு அது வலுவான ஆதாரம்.

போரில் அந்த நிலையம் அழிந்தது. பணி தெற்கு ஜெர்மனியின் ராடோல்ஃப்ட்செல் பக்கம் இடம்பெயர்ந்தது. 1956இல் சோவியத் விலங்கியல் நிறுவனத்தின் கிளையாக லெவ் பெலோபோல்ஸ்கி ரிபாச்சியில் மறுபடி ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் அங்கே வளையம் பெற்றிருக்கின்றன.

இனி எப்படிப் பிடிக்கிறார்கள் என்பது.

அங்கே இரண்டு முறைகள் உண்டு. ஒன்று பெரிய புனல் பொறி. மீன்வலைத் துணியால் காட்டு வெளியில் கட்டிய பிரம்மாண்டமான கூடாரம். வாய் ஏறக்குறைய 30 மீட்டர் அகலம், 12 மீட்டருக்குக் குறையாத உயரம். உள்ளே போகப் போக ஒடுங்கி, கடைசியில் ஒரு சின்னப் பெட்டியில் முடியும். உள்ளே இரை கிடையாது, கத்திக் கூப்பிடும் பறவை கிடையாது. புதர் உயரத்தில் பறந்து வரும் கூட்டம் திறந்த வாய்க்குள் நுழைந்துவிடும். வலசைப் பறவைக்கு முன்னோக்கிப் போகும் உந்துதல் பலமாக இருப்பதால், திரும்பி வெளியேறாமல் ஒடுங்கும் பக்கமே போய்ப் பெட்டியில் விழும். பொறியின் சூட்சுமம் அவ்வளவுதான். இலையுதிர்காலத்தில் வாய் வடக்கே பார்க்கும், வசந்தத்தில் தெற்கே. ரிபாச்சிக்குத் தெற்கே உள்ள களமுகாமின் பெயர் 'ஃப்ரிஞ்சில்லா'. அங்கே அதிகம் விழும் சாஃபின்ச் குருவியின் அறிவியல் பெயரிலிருந்து எடுத்தது. காயலுக்கு அக்கரையில் லித்துவேனியாவின் வென்டெ முனையிலும் 1929 முதல் ஒரு நிலையம் இருக்கிறது, அதிலும் இப்படிப்பட்ட பொறிகள் உண்டு.

பகலில் பறப்பவைதான் பொறியில் நிறைய விழும். ராபின், கதிர்க்குருவி வகைகள் இரவில் பறந்து விடியலில் காட்டில் இறங்கி, புதருக்குள் பூச்சி தேடும். அவற்றுக்கு மிஸ்ட் நெட் என்கிற மெல்லிய வலை. கறுப்பு நூல், சிறு கண்கள், இரண்டு கம்புகளுக்கு நடுவே தளர்வாகக் கட்டியிருக்கும். மர நிழலில் பத்தடி தள்ளி நின்றாலே நம் கண்ணுக்கும் தெரியாது. வலையின் குறுக்கே நான்கைந்து கயிறுகள் ஓடும். ஒவ்வொன்றின் கீழும் வலை பை போலத் தொங்கும். மோதும் குருவி அந்தப் பைக்குள் சரிந்து படுத்துவிடும். இதுவும் வேட்டைக்காரர்கள் கண்டுபிடித்ததே. ஜப்பானில் சாப்பாட்டுக்காகக் குருவி பிடித்த வலை இது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் மேற்கத்திய ஆய்வாளர்கள் கைக்குப் பரவலாகப் போனது.

நம் பக்கமும் கதை இதேதான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையிலும் மற்ற இடங்களிலும் வளையம் போட ஆரம்பித்தபோது, பறவை பிடிக்க அழைத்து வந்தது பீகாரின் மீர்ஷிகார்களை. தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்றவர்கள் அவர்கள். காகம் கடிப்பவர்கள், ஜப்பானிய வலைக்காரர்கள், மீர்ஷிகார்கள்: பறவை எந்த நேரத்தில் எந்த உயரத்தில் வரும், எங்கே திரும்பும் என்ற அறிவு இவர்களிடம்தான் இருந்தது. ஆய்வுக் கட்டுரைகளில் இவர்களுக்குக் கிடைத்த இடம் ரொம்பச் சின்னது என்பது என் குறை.

வலையிலிருந்து குருவியை எடுப்பதுதான் இந்த வேலையில் கற்றுக்கொள்ள அதிக காலம் பிடிப்பது. குருவி எந்தப் பக்கத்திலிருந்து வந்து மோதியது என்று முதலில் பார்க்க வேண்டும். வந்த பக்கத்திலிருந்துதான் எடுக்க முடியும். கால் நூலை இறுக்கிப் பிடித்திருக்கும். அதை மெதுவாக நீட்டினால் விரல்கள் தானாக விரியும். பிறகு இறக்கை, கடைசியில் தலை. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கழுத்து, உள்ளங்கையில் முதுகு: பிடிக்கும் விதம் இது. இறுக்கினால் மூச்சு முட்டும், ஏனென்றால் பறவை மார்புக்கூட்டை அசைத்துத்தான் சுவாசிக்கிறது. ராபின் அமைதியாகப் படுத்திருக்கும். பட்டாணிக்குருவியின் இனத்தான்கள் அப்படி இல்லை, நகக்கண்ணில் தோலைத் தேடிப் பிடித்துக் கடிக்கும். ஒரு நாள் முழுக்க அவற்றைக் கையாண்டவருக்குச் சாயங்காலம் ரசம் சாதம் பிசைந்தால் விரல் எரியும். நீளவால் கொண்ட சின்னக் குருவிக் கூட்டம் ஒன்று வலையில் விழுந்தால் அவற்றைப் பிரிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் வளையம் போட்டு முடித்த பிறகு ஒரே நேரத்தில் விடுவார்கள், இல்லாவிட்டால் குடும்பம் சிதறிவிடும்.

எடுத்த குருவி துணிப்பைக்குள் போகும். இருட்டில் அது அடங்கிவிடும். மேசையில் முதலில் வளையம். காலின் கனத்துக்கு ஏற்ப அளவுகள் உண்டு. தனி இடுக்கியால் மூடினால் வட்டம் சரியாகச் சேரும். காலில் அது தளர்வாக ஏறி இறங்கும், சுழலும். அடுத்து இறக்கை நீளம். பிறகு இறக்கைச் சிறகுகளைப் பார்த்து வயது. இந்த வருடம் பிறந்த ராபினுக்குச் சில இறக்கைச் சிறகுகளின் நுனியில் மங்கலான மஞ்சள் புள்ளி இருக்கும், வால் சிறகின் நுனி கூராக இருக்கும். கரையோர நிலையங்களில் இலையுதிர்காலத்தில் விழுபவற்றில் பெரும்பான்மை இப்படிப்பட்ட முதல் வருடக் குஞ்சுகள்தான்.

அடுத்தது எனக்குப் பிடித்த பகுதி. குருவியை மல்லாத்தி வைத்து, தொண்டைக்குக் கீழே வாயால் ஊதுவார்கள். இறகுகள் விலகும், அடியில் மெல்லிய தோல். கழுத்தடியில் V போல இருக்கும் கவை எலும்பின் குழியில் மஞ்சளாகத் தெரிவதுதான் கொழுப்பு. பூஜ்ஜியத்திலிருந்து எட்டு வரை மதிப்பெண் போடுவார்கள். சில குருவிகளில் ஒன்றுமே இருக்காது, கருஞ்சிவப்புத் தசை மட்டும் தெரியும். சிலவற்றில் குழி நிரம்பி வயிறு வரை மஞ்சள் பரவியிருக்கும். அந்தக் குருவி அன்றிரவே கிளம்பத் தயார். கடைசியாக ஒரு குழாய்க்குள் தலைகீழாகப் போட்டு எடை. தலையில் மஞ்சள் கோடு போட்ட கோல்ட்கிரெஸ்ட் வெறும் 5, 6 கிராம்தான்: ஒரு டீஸ்பூன் சர்க்கரையைவிடக் கொஞ்சம் அதிகம். அது கடலையும் கடக்கும். இவ்வளவும் பழகிய கைக்கு ஒன்றிரண்டு நிமிட வேலை.

சரி, குருவிக்கு ஒன்றும் ஆகாதா? ஆகாது என்று சொன்னால் பொய். அமெரிக்காவிலும் கனடாவிலும் 22 அமைப்புகளின் பதிவேடுகளை வைத்து 2011இல் வெளிவந்த ஆய்வின்படி, வலையில் பிடிபட்டவற்றில் காயம் 0.59 சதவீதம், சாவு 0.23 சதவீதம். ஆயிரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கத்தக்கதுதான் என்று நான் நினைக்கிறேன், ஆனால் அது பூஜ்ஜியம் இல்லை. மழையில் வலை திறக்கக் கூடாது, நனைந்த குருவி விறைத்துவிடும். காற்றடித்தால் மூட வேண்டும். குளிரில் அரை மணிக்கு ஒருமுறைக்கு மேலாகவே வலையைச் சுற்றி வர வேண்டும், இல்லாவிட்டால் வல்லூறு வந்து வலையிலேயே கொத்தித் தின்றுவிடும். ஐரோப்பாவில் பல வருடம் ஒருவரிடம் பயின்று உரிமம் வாங்கிய பிறகுதான் தனியாக வலை கட்டலாம். படம் எடுப்பதற்காகக் குருவியை அதிக நேரம் கையில் வைத்திருப்பவர்களை நல்ல முகாம்களில் கண்டிப்பார்கள்.

மூன்றாவது கேள்வி. வளையம் போட்டு அனுப்பினால் எங்கோ ஒரு நாட்டில் யாரோ கண்டெடுத்துக் கடிதம் போடுவார், அதற்காகத்தான் இதெல்லாம் என்று பலரும் நினைக்கிறார்கள். சாட்டிலைட் பற்றிக் கேட்பதும் அதனால்தான். அந்த வேலைக்கு வளையம் ரொம்ப மோசமான கருவி. சிறு குருவிகளில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு திரும்பத் தெரியவந்தாலே அதிர்ஷ்டம். அதுவும் மனிதர்கள் இருக்கும் இடத்தில், வேட்டையாடும் ஊரில், படித்துவிட்டுத் தகவல் சொல்லும் பழக்கம் உள்ள நாட்டில்தான் தெரியவரும். வளையம் கிடைத்த இடங்களை வரைபடத்தில் குறித்தால், குருவிகளோடு மனிதர்களும் அதில் பதிந்திருப்பார்கள். ஆள் இல்லாத காட்டில் செத்த குருவியை யார் பார்ப்பார்?

ஆனால் சாட்டிலைட் கருவிக்கும் எல்லை உண்டு. பறவையின் எடையில் மூன்று முதல் ஐந்து சதவீதத்துக்கு மேல் சுமத்தக் கூடாது என்பது வழக்கம். கோல்ட்கிரெஸ்டுக்கு அது அதிகபட்சம் 0.3 கிராம்தான். வெளிச்சத்தைப் பதிந்துவைக்கும் சின்னக் கருவி அரை கிராமளவில் கிடைக்கிறது, கொஞ்சம் பெரிய குருவிக்குக் கட்டலாம். ஆனால் தரவை எடுக்க அடுத்த வருடம் அதே குருவியை மறுபடி பிடிக்க வேண்டும்! மறுபடியும் வலைதான்.

உண்மையான அறுவடை அன்றாடப் பதிவேட்டில் இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே பொறியில், ஒவ்வொரு பருவமும் என்ன விழுந்தது, எந்த நாளில், எத்தனை, குஞ்சு எத்தனை, கொழுப்பு எவ்வளவு. வளையம் இல்லாவிட்டால் நேற்றுப் பிடித்ததையே இன்றும் எண்ணுகிறோமா என்று தெரியாது. வளையம் இருப்பதால், மூன்று நாள் கழித்து மறுபடி விழுந்த ராபின் அந்தக் காட்டில் எத்தனை கிராம் தேற்றிக்கொண்டது என்று கணக்குப் போடலாம். அதாவது அந்தக் காடு சத்திரமாகப் பயன்படுகிறதா இல்லையா என்று தெரியும். வசந்தம் சூடாக இருந்த வருடங்களில் சிறு பறவைகள் முன்னதாக வந்து சேர்கின்றன என்பதும் ரிபாச்சியின் நீண்ட பதிவேட்டிலிருந்து தெரிந்த விஷயம். பத்து வருடப் பதிவில் இது தெரியாது, அரை நூற்றாண்டு வேண்டும்.

இன்னொரு லாபம், பிடிக்கத் தெரிந்த இடத்தில் சோதனையும் நடக்கும். நிகிதா செர்னெட்சோவ், திமித்ரி கிஷ்கினேவ் குழுவினர் வசந்தத்தில் திட்டில் பிடித்த நாணல் கதிர்க்குருவிகளைக் கூம்புக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். அவை வடகிழக்கே போகத் துடித்தன. அவற்றை 1000 கிலோமீட்டர் கிழக்கே, மாஸ்கோ பக்கம் கொண்டுபோனால், வடமேற்கே திரும்பின. இடம் மாறியது அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. 2008இல் இந்த முடிவு வெளிவந்தது. பிறகு மேல் அலகிலிருந்து மூளைக்குப் போகும் ஒரு நரம்பை வெட்டிவிட்டுக் கொண்டுபோனபோது, குருவிகள் பழைய வடகிழக்கையே பிடித்துக்கொண்டிருந்தன. 2015இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். குருவிகளை எங்கும் நகர்த்தாமல், ரிபாச்சியிலேயே கம்பிச்சுருளால் காந்தப்புலத்தை மட்டும் மாஸ்கோ பக்கத்தது போல மாற்றினார்கள். குருவிகள் வடமேற்கே திரும்பின. காந்தப்புலத்தை வரைபடமாகப் படிக்கின்றன என்பதற்கு இதைவிட நேரான சோதனை எனக்குத் தெரிந்து குறைவு.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு நூல் இருக்கிறது. பால்டிக் பகுதியின் பெரும்பாலான பறவைகள் மேற்கு ஐரோப்பாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போகும்போது, ரோஸ்ஃபின்ச், செம்மார்பு ஈப்பிடிப்பான் போன்ற சில மட்டும் எதிர்த்திசையில் தென்கிழக்கே கிளம்பி இந்தியத் துணைக்கண்டத்துக்கு வருகின்றன. இங்கே வளையமிடுதல் 1959இல் சாலிம் அலியின் முயற்சியால் பெரிய அளவில் தொடங்கியது. கர்நாடகத்தில் 1957இல் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் வந்தபோது, உண்ணிகளை வலசைப் பறவைகள் சுமந்து வந்தனவா என்ற சந்தேகத்தில் உலக சுகாதார நிறுவனம் பண உதவி செய்தது. நோய் பயத்தில் கிடைத்த பணத்தில் பறவைகளின் பாதை தெரியவந்தது.

அதனால் உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ தோட்டத்திலோ வளையம் போட்ட பறவை கிடைத்தால் இதைச் செய்யுங்கள். உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்ற முயல வேண்டாம், கால் ஒடிந்துவிடும். எழுத்தும் எண்ணும் முழுதாகத் தெரியும்படி வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பல படம் எடுத்துவிட்டுப் பறக்கவிடுங்கள். செத்திருந்தால் வளையத்தை எடுத்துப் பத்திரப்படுத்தலாம். நாள், இடம், எந்த நிலையில் கிடைத்தது என்பதைச் சேர்த்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதினால் போதும். வளையத்தில் மாஸ்கோ, கௌனாஸ் என்று வேறு நாட்டு ஊர்ப் பெயர் இருந்தாலும் அவர்கள் வழியாகவே சேர வேண்டிய இடத்துக்குச் சேரும். வண்ணக் கொடி மாட்டிய கடற்கரைப் பறவை என்றால் பிடிக்கவே வேண்டாம், தூரத்திலிருந்து கொடியின் நிறங்களையும் அதிலுள்ள எழுத்தையும், எந்தக் காலில் இருக்கிறது என்பதையும் குறித்து அனுப்புங்கள்.